ஒரே சொல், இரு பொருள்: வட இந்தியாவில் கிறித்தவ – இசுலாமிய உரையாடலும் மொழிபெயர்ப்பாளரும்

1. வாசிக்க இயலாத நூல்

1580ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பதேப்பூர் சிக்ரியில் அக்பரின் முன்னிலைக்கு ஒரு நூல் கொண்டுவரப்பட்டது. ஆண்ட்வெர்ப் நகரின் பிளாந்தேன் அச்சகத்தில் 1568 முதல் 1572 வரை எட்டுத் தொகுதிகளாக அச்சிடப்பெற்ற பன்மொழி விவிலியம் அது. எபிரேயம், அரமேயம், கிரேக்கம், சிரியாக்கம், இலத்தீன் ஆகிய மொழிகள் அதன் பக்கங்களில் அருகருகே அமைந்திருந்தன. கோவாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் அதனைக் கையளித்தபோது, பேரரசர் தலைப்பாகையைக் களைந்துவிட்டுத் தொகுதிகளைத் தலைமேல் வைத்து முத்தமிட்டார் என்று அத்துறவியரின் குறிப்புகள் கூறுகின்றன.

சமய நல்லிணக்கம் பற்றிய வரலாறுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி இது. எனினும் மொழியியல் நோக்கில் இதனைக் காண்போர்க்கு வேறொரு செய்தி புலப்படும். அந்நூலில் இருந்த ஐந்து மொழிகளுள் ஒன்றேனும் அந்த அவையின் மொழியன்று. அவையின் மொழி பாரசீகம். சமயக் கல்வியின் மொழி அரபி. பேரரசரோ எழுதப் படிக்கப் பழகாதவர் என்பதை அவர் மகன் ஜஹாங்கீரே தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். தலைமேல் வைத்துப் போற்றப்பட்ட நூல், அங்கிருந்த எவரும் வாசிக்க இயலாத நூலாகவே இருந்தது.

இக்குறையை அக்பர் உணர்ந்திருந்தார். தோரா, சங்கீதம், இன்ஜீல் ஆகியவற்றின் அரபி அல்லது பாரசீக மொழிபெயர்ப்புகள் கிடைக்குமாயின் அனுப்பி வைக்குமாறு 1582இல் இசுபானிய மன்னர்க்கு எழுதிய மடலில் அவர் கேட்கிறார். அம்மடலைக் கொண்டு சென்ற தூதுக்குழு கோவாவைத் தாண்டவில்லை. ஆகவே இரு சமயத்தாரின் உரையாடலுக்கு இடையில் நின்றது நூலன்று. மொழிபெயர்ப்பாளர் என்னும் மனிதரே. இவ்வுரையாடல்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அரசரையும் துறவியையும் உலமாக்களையும் கண்டனரேயன்றி, அவர்களுக்கிடையே அமர்ந்திருந்தவரைப் போதிய அளவு நோக்கவில்லை. அவரை முன்னிறுத்திப் பார்க்கும்போது வரலாறு எவ்வாறு மாறித் தோன்றுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. தீக்குளி விவாதம்

முதல் தூதுக்குழுவில் மூவர் இருந்தனர்: ருடால்ப் அக்வாவிவா, அந்தோனியோ மொன்செராத்தே, பிரான்சிசுகோ என்ரிக்கெசு. மூன்றாமவர் ஹொர்முசில் பிறந்தவர், இசுலாத்திலிருந்து கிறித்தவத்திற்கு வந்தவர், பாரசீகம் அறிந்தவர். இவரே மொழிபெயர்ப்பாளர். (1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாரின் பெயரும் என்ரிக்கெசு என்பதே. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை தமிழ் ஆய்வாளர்க்கு நேரலாகாது.)

என்ரிக்கெசின் நிலை எளிதானதன்று. துறவியர்க்கு அவர் நாவாக இருந்தார். எதிரில் அமர்ந்திருந்த உலமாக்களுக்கோ அவர் தம் சமயத்தை விட்டு நீங்கியவர். மூவொருமை பற்றிய இலத்தீன் கலைச்சொற்களை அவர் எந்தப் பாரசீகச் சொற்களால் எடுத்துரைத்தார் என்பதற்குப் பதிவில்லை. அக்வாவிவா விரைவிலேயே தாமும் பாரசீகம் கற்கத் தொடங்கியதற்கு இந்நிலை ஒரு காரணமாகலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இபாதத் கானாவில் நடந்த வாதங்களுள் தீக்குளி பற்றியது புகழ்பெற்றது. இன்ஜீலை ஏந்தி ஒருவரும் குர்ஆனை ஏந்தி ஒருவரும் தீயினுள் புக வேண்டும். எரியாது மீள்பவர் சமயமே உண்மை என்பது அறைகூவல். இதனை விடுத்தவர் யார்? அபுல் பஸல் தம் அக்பர்நாமாவில் பாதிரியே விடுத்தார் என்கிறார். பதாயூனியோ இசுலாமியப் பெரியவர் ஒருவர் அழைத்தார், பரங்கியர் துணியவில்லை என்கிறார். மொன்செராத்தேயின் இலத்தீன் நூலும் அழைப்பு எதிர்த்தரப்பிலிருந்தே வந்ததாகக் கூறி, இறைவனைச் சோதிப்பது தகாது என்று அக்வாவிவா மறுத்ததை விளக்குகிறது. வினை ஒன்றே, எழுவாய் மட்டும் இடம் மாறுகிறது. அரசவை வரலாற்றாசிரியரான அபுல் பஸல் கூற்றினும், ஒன்றுக்கொன்று பகையான இரு தரப்பிலிருந்து வந்தும் ஒத்துப்போகும் மற்ற இரு கூற்றுகளே நம்பத்தக்கன எனத் தோன்றுகிறது. மொன்செராத்தேயின் கையெழுத்துப்படி 1906இல் கல்கத்தாவில் கண்டெடுக்கப்பட்டு 1914இல் அச்சேறும் வரை இவ்வொப்பீட்டை முழுமையாகச் செய்ய வழியில்லாதிருந்தது.

அக்வாவிவா 1583இல் கோவா திரும்பினார். அவ்வாண்டிலேயே குங்கொலிமில் கொல்லப்பட்டார்.

3. ஜெரோம் சேவியரும் அப்துஸ் சத்தாரும்

1591இல் வந்த இரண்டாம் குழு நிலைக்கவில்லை. 1595இல் லாகூர் வந்தடைந்த மூன்றாம் குழுவின் தலைவர் ஜெரோம் சேவியர். புனித பிரான்சிசு சேவியரின் உறவினரான இவர் அப்போது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். அவ்வயதில் பாரசீகம் கற்று, அம்மொழியில் கிறித்தவ இலக்கியம் ஒன்றையே உருவாக்க முனைந்தார். 1602இல் அவர் ஆக்ராவில் அக்பருக்கு அளித்த 'மிர்ஆதுல் குத்ஸ்' (தூய்மையின் கண்ணாடி) கிறித்துவின் வாழ்க்கை வரலாறு. 1609இல் ஜஹாங்கீருக்கு அளித்த 'ஆயினா-இ-ஹக்நுமா' (உண்மை காட்டும் கண்ணாடி) பாதிரி, மெய்யியலார், முல்லா ஆகிய மூவர் உரையாடும் வாத நூல். பின்னதன் முதல் வடிவத்தைச் சேவியர் 1600 அளவில் இசுபானிய மொழியில் எழுதியிருந்தார்.

இந்நூல்களின் பாரசீகத்தைச் செப்பம் செய்தவர் லாகூரைச் சேர்ந்த அப்துஸ் சத்தார் இப்னு காசிம் என்னும் இசுலாமிய அறிஞர். அக்பரின் ஆணைப்படி இவர் சேவியரிடம் இலத்தீன் பயின்றார். அப்பயிற்சியின் பயனாக 1603இல் கிரேக்க, உரோமானிய அறிஞர் பற்றிய 'சமரத்துல் பலாசிபா' என்னும் நூலைப் பாரசீகத்தில் எழுதினார். ஐரோப்பியர் பாரசீகம் கற்ற வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. முகலாய அவையின் இசுலாமியர் ஒருவர் இலத்தீன் கற்ற வரலாறு அருமையாகவே நினைக்கப்படுகிறது.

பாரசீகத்தில் கிறித்தவத்தை எழுதப் புகுவோர்க்கு ஏற்படும் இடர் சொற்பஞ்சமன்று, சொல் மிகுதியே. தமிழில் கிறித்தவக் கருத்துகளை எழுதிய மேலைத் துறவியர் ஒரு சொல்லைத் தேடியோ கடன்வாங்கியோ புனைந்தோ அமைக்க வேண்டியிருந்தது. பாரசீகத்தில் சொற்கள் முன்பே இருந்தன. ஈசா, மர்யம், யஹ்யா, இன்ஜீல், ஹவாரீ (திருத்தூதர்), கலிமா (சொல்), ரூஹ் (ஆவி) என அனைத்தும் குர்ஆன் வழியாக வந்து, பல நூற்றாண்டு விரிவுரை மரபினால் உரம் பெற்றவை. அவற்றைப் பயன்படுத்தாவிடில் படிப்பவர்க்குப் புரியாது. பயன்படுத்தினாலோ எழுதுபவர் கருதிய பொருளோடு, கருதாத பொருளும் உடன் வரும்.

'ரூஹுல் குத்ஸ்' என்னும் தொடரைக் காண்க. கிறித்தவர்க்கு இது தூய ஆவி. மூவொருமையின் மூன்றாம் ஆள். இசுலாமிய விரிவுரையாளர் பெரும்பாலோர்க்கு இது வானவர் ஜிப்ரீலைக் குறிக்கும் பெயர். பாதிரி ஒருவர் ரூஹுல் குத்ஸ் இறைவனே என்று கூறினால், அவையில் இருப்பவர் செவியில் வானவர் ஒருவரைப் பாதிரி கடவுளாக்குகிறார் என்றே விழும். வாதம் தொடங்குவதற்கு முன்பே சொல் அதனை முடித்துவிடுகிறது.

'இன்ஜீல்' என்னும் சொல்லும் இத்தகையதே. குர்ஆன் வழக்கில் இது ஒருமை: ஈசாவுக்கு அருளப்பெற்ற ஒரு நூல். கிறித்தவர் கையிலிருப்பனவோ நால்வர் பெயரால் வழங்கும் நான்கு நற்செய்தி நூல்கள். அருளப்பெற்றது ஒன்றாயின் நால்வர் எழுதியது எது என்னும் வினா, இலக்கண எண்ணிலிருந்தே பிறந்துவிடுகிறது.

மிகக் கடுமையான சிக்கல் 'மகன்' என்பதில் எழுந்தது. அரபியில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. 'வலத்' என்பது ஈனுதல் என்னும் வேரினின்று தோன்றியது. பெற்ற பிள்ளை என்னும் பொருளை விட்டு அகலாதது. 'இப்னு' என்பது விரிந்த பொருளுடையது. வழிப்போக்கனை வழியின் மகன் என்னும் பொருளில் 'இப்னுஸ் ஸபீல்' என்று குர்ஆனே வழங்குகிறது. ஆயினும் பாரசீகத்தில் 'பிசர்' என்றால் கேட்போர்க்கு உடனே தோன்றுவது ஆண் குழந்தைதான். இறைவன் பெறுவதுமில்லை, பெறப்படுவதுமில்லை என்பதை நாள்தோறும் தொழுகையில் ஓதுவோரிடம் அச்சொல்லை வைத்துக்கொண்டு உறவு உடலால் ஆனதன்று என விளக்குவது எத்துணை அரிது என்பதை உணரலாம். தமிழ்க் கத்தோலிக்கர் 'பிதா, சுதன்' என்று வழங்குவதும், சீர்திருத்தச் சபையார் 'குமாரன்' என்று வழங்குவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கவை. அன்றாட வழக்கிலுள்ள 'மகன்' என்னும் சொல்லிலிருந்து சற்று விலகி நிற்கும் வடசொற்களைத் தமிழ் தேர்ந்துகொண்டது. பாரசீகத்தில் அவ்விலகலுக்கு இடம் குறைவு.

இவ்வளவுக்கும் இடையே உரையாடல் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'மிர்ஆதுல் குத்ஸ்' அரண்மனையில் விரும்பிப் படிக்கப்பட்டது. இளவரசர் சலீமுக்காக ஓவியங்களுடன் படியெடுக்கப்பட்டது. அதன் மறுபெயரில் 'ஹஸ்ரத் ஈசா' என்றே சேவியரும் அப்துஸ் சத்தாரும் எழுதினர். 'ஹஸ்ரத்' என்னும் மதிப்புச் சொல் இறைத்தூதர்க்கு இசுலாமியர் வழங்குவது. கிறித்தவர் ஒருவர்க்கு அது போதாது, ஆனால் பொய்யுமன்று. இருவரும் உடன்பட்டுக் கையெழுத்திடக்கூடிய எல்லை அச்சொல்லில் அமைந்திருந்தது எனலாம்.

4. கண்ணாடியும் மெருகுக்கருவியும்

'ஆயினா'வின் சுருக்கம் ஈரானை அடைந்தது. அறிஞர் மீர் தாமாதின் மாணாக்கரும் மருமகனுமான சையத் அஹ்மத் அலவி 1622 அளவில் அதற்கு மறுப்பு எழுதினார். தம் நூலுக்கு 'மிஸ்கல்-இ-சஃபா' எனப் பெயரிட்டார். மிஸ்கல் என்பது மங்கிய கண்ணாடியைத் தேய்த்து ஒளியேற்றும் கருவி. அக்காலக் கண்ணாடி உலோகத்தாலானது என்பதை நினைவில் கொண்டால் பெயரின் நயம் விளங்கும். எதிரியின் கண்ணாடியை உடைப்பதாக அவர் கூறவில்லை. அழுக்கு நீக்குவதாகக் கூறுகிறார். இம்மறுப்பு உரோமுக்குச் சென்றது. பிலிப்போ குவாதாஞோலி 1631இல் இலத்தீனில் மறுமொழி அச்சிட்டார்.

வியப்பானது லெய்டனில் நடந்தது. அங்குச் சீர்திருத்தச் சபை அறிஞர் லூதோவிக்கு தெ தியூ 1639இல் 'மிர்ஆதுல் குத்ஸ்' நூலைப் பாரசீக மூலத்தோடும் இலத்தீன் மொழிபெயர்ப்போடும் பதிப்பித்தார். பதிப்பித்தவர் நூலைப் பாராட்டவில்லை. நற்செய்தியில் இல்லாத மரபுக் கதைகளைச் சேவியர் கலந்துவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. நூல் பல வகையில் மாசுபட்டது என்பதைத் தலைப்பிலேயே பொறித்தார். வேதத்தைத் திரித்தவர் கிறித்தவர் என்று இசுலாமியர் கூறிவந்த பழியை, வேறொரு நோக்கில், கிறித்தவர் ஒருவரே மற்றொரு கிறித்தவர்மீது சுமத்தினார்.

5. இருள் நீங்கிய இருக்கை

அப்துஸ் சத்தார் என்ன நினைத்தார்? நெடுங்காலம் இவ்வினாவுக்கு விடை காண வழியில்லை. துறவியரின் ஆவணங்கள் வழியாக மட்டும் நோக்கியவர்க்கு அவர் ஓர் உதவியாளராகவே தோன்றினார். 2006இல் தெகரானில் 'மஜாலிஸ்-இ-ஜஹாங்கீரி' என்னும் நூல் அச்சேறியதும் நிலை மாறியது. 1608 முதல் 1611 வரை ஜஹாங்கீரின் இராக்கால அவைகளில் நிகழ்ந்த உரையாடல்களின் பதிவு அது. எழுதியவர் அப்துஸ் சத்தாரே.

அந்நூலில் பாதிரிமார் வருகின்றனர். ஈசாவின் இயல்பு, வேதங்களின் நிலை ஆகியவை பற்றி வாதிடுகின்றனர். அவர்களை எதிர்த்து வாதிடுவோருள் அப்துஸ் சத்தார் முன்நிற்கிறார். சேவியரோடு அமர்ந்து நற்செய்திச் செய்திகளைப் பாரசீகமாக்கியபோது பெற்ற அறிவே அவருக்குப் படைக்கலமாகிறது. 'ஆயினா' அளிக்கப்பட்ட 1609ஆம் ஆண்டும் இப்பதிவின் காலத்திற்குள்தான் அடங்குகிறது என்பதைக் கருதுக. பகலில் பாதிரியின் வாக்கியங்களைச் செப்பமிட்ட கை, இரவில் அவற்றுக்கு எதிராக எழுதியது.

இதனை இரண்டகம் என்று கூறுவார் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. மொழிபெயர்ப்பவர் மூலத்தை நம்ப வேண்டும் என்பது நியதியன்று. அதைத் திரிக்காமல் தர வேண்டும் என்பதே நியதி. அப்துஸ் சத்தார் தாம் ஏற்காத ஒரு கொள்கைக்கு நல்ல பாரசீகம் தந்தார். அவர் எதிர்த்தது வெளிப்படையாக, அரசர் முன்னிலையில், தம் பெயரில். முந்தைய குழுவின் என்ரிக்கெசு தம் பழைய சமயத்தாரிடம் புதிய சமயத்தைப் பேசினார்; அப்துஸ் சத்தார் தம் சமயத்தில் நின்றுகொண்டே பிறர் சமயத்தைப் பேசினார். பின்னது அரியது, உரையாடல் என்னும் பெயர்க்கு மிகுதியும் உரியது.

ஆயினும் 'மஜாலிஸ்' நூலை அப்படியே நம்புவதும் தகாது. ஞானியரின் அருள்மொழிகளைத் தொகுக்கும் 'மல்பூசாத்' இலக்கிய வகையை ஒட்டி, அரசரைக் குருவாகக் கொண்ட சீடர் ஒருவர் எழுதியது அது. அதில் அரசர் தோற்பதில்லை, பாதிரியார் வெல்வதில்லை. துறவியரின் மடல்களிலோ நிலைமை நேர்மாறானது. தீக்குளி விவாதத்தில் கண்ட எழுவாய் மாற்றம் இங்கும் தொடர்கிறது. இன்னொன்றும் கூறலாம்: அந்நூல்களில் வரும் 'பாத்ரீ' போர்ச்சுகீசிய மொழியினின்று பாரசீகம் ஏற்ற சொல்; தமிழின் 'பாதிரி'யும் அதுவே. 'பிரங்கீ' தமிழில் 'பரங்கி' ஆயிற்று. அறிமுகமில்லாதவர் ஒருவரைக் குறிக்க ஆக்ராவும் தூத்துக்குடியும் ஒரே சொற்களைக் கையாண்டிருக்கின்றன.

6. 'தஹ்ரீப்': ஆக்ரா, 1854

இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து, 'மிர்ஆதுல் குத்ஸ்' அரங்கேறிய அதே ஆக்ராவில் மற்றொரு வாதம் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அனைத்தும் மாறியிருந்தன. அரசர் முன்னிலை இல்லை; ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. பாரசீகத்தின் இடத்தை உருது பெற்றிருந்தது. அச்சுப்பொறி வந்துவிட்டது. செருமானியரான கார்ல் காட்லீப் பான்டரின் 'மீஸானுல் ஹக்' (உண்மையின் துலாக்கோல்) 1829இல் காகசசுப் பகுதியில் செருமன் மொழியில் எழுதப்பெற்று, 1835இல் பாரசீகத்திலும் 1843இல் உருதுவிலும் வெளிவந்து வட இந்தியாவில் பரவியிருந்தது. அவரைக் கைரானாவைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாவும் மருத்துவர் வசீர் கானும் 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் எதிர்கொண்டனர்.

பேச எடுத்துக்கொண்ட பொருள்கள் ஐந்து. இரண்டைத் தாண்டி வாதம் செல்லவில்லை. வசீர் கான் ஆங்கிலம் அறிந்தவர். விவிலியப் படிகளின் பாடவேறுபாடுகள் பற்றி ஐரோப்பியரே எழுதிய நூல்களைச் சான்றாகக் காட்டினார். படியெடுப்போரின் பிழைகள் உண்டு எனப் பான்டர் ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு இதனையே 'தஹ்ரீப்' (திரிபு) என்றது. பான்டரின் கருத்தில் அது எழுத்தரின் கைப்பிழை. அடிப்படைக் கொள்கையைத் தொடாதது. ரஹ்மத்துல்லாவின் கருத்தில் இறைநூலில் ஓர் எழுத்து மாறினும் அதன் உறுதி போயிற்று. இரு தரப்பாரும் வெற்றி தமதே எனத் தனித்தனி அறிக்கை வெளியிட்டனர். சுவடிப் பதிப்பில் பழகிய தமிழறிஞர்க்கு இவ்விடர் புதிதன்று. பாடவேறுபாடு உண்டென்பதால் குறளைப் பொய்யென்பார் எவருமிலர். ஆனால் குறள் இறைவாக்கு எனக் கொள்ளப்படவில்லை. வேறுபாடு அங்குதான் உள்ளது.

1857க்குப் பின் ரஹ்மத்துல்லா மக்காவுக்குச் சென்றார். அவர் அரபியில் எழுதிய 'இஸ்ஹாருல் ஹக்' 1864இல் இசுதான்புல்லில் வெளிவந்து, இன்றளவும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அவர் பெயரை அறிந்தோர் பலர். அப்துஸ் சத்தாரை அறிந்தோர் சிலர். வாதத்தில் வென்றவரை நினைவில் கொள்ளும் வழக்கம், இருவர்க்குமிடையே சொல்லைச் சுமந்தவரை மறக்கும் வழக்கமாகவும் ஆகிவிடுகிறது.

'தஹ்ரீப்' என்னும் அதே சொல்லை வேறு வகையில் ஆராய்ந்தவர் சர் சையத் அஹ்மத் கான். இசுலாமிய மரபிலேயே இதற்கு இரு வகை உண்டு: சொல்லைத் திரித்தல், பொருளைத் திரித்தல். குர்ஆன் கண்டிப்பது பெரிதும் இரண்டாவதையே என்று அவர் கருதினார். இவ்வேறுபாட்டை ஏற்றால், ஓர் இசுலாமியர் விவிலியத்தை மதிப்போடு கற்க வழி பிறக்கிறது. உரைகாணும் முறையைப் பற்றி மட்டுமே வாதிட வேண்டியிருக்கும். ஆட்சியாளரின் சமயம் கிறித்தவமாகவும், 1857இன் பழி இசுலாமியர்மீது சுமத்தப்பட்டும் இருந்த நாளில் இதனை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். இரு தரப்பிலும் அவரை ஐயுற்றவர் இருந்தனர்.

அவ்விரிவுரையின் பெயர் 'தப்யீனுல் கலாம்'. முதற்பகுதி 1862இல் காசிப்பூரிலும் அடுத்தது 1865இல் அலிகாரிலும் அச்சாயின. பக்கங்களில் உருதுவும் ஆங்கிலமும் எதிரெதிர் நிரல்களாக அமைந்துள்ளன. தொடக்க நூலின் பகுதியில் எபிரேய மூலமும் இடம்பெறுகிறது. பேரரசர் தலைமேல் வைத்த பன்மொழி விவிலியத்தில் இல்லாதிருந்த இந்திய மொழி, இதில் தனக்கென ஒரு நிரல் பெற்றது. அதனை எழுதியவர் ஓர் இசுலாமியர். பணி முற்றுப்பெறவில்லை. புதிய ஏற்பாட்டில் மத்தேயுவின் முதல் ஐந்து அதிகாரங்கள் வரை அவர் உரை செல்கிறது. தொடக்க நூலில், மொழிகள் பிரிந்த பாபேல் கதை வரும் பதினோராம் அதிகாரத்தோடு அது நின்றுவிடுகிறது.